அப்பாவின் தொண்டைப் புற்றும் டார்கெட் ஊசியும்: எங்களுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லாதவை

வீட்டில் யாருக்காவது வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை என்று எங்காவது புற்றுநோய் வந்து, "டார்கெட் தெரபி போடலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தால், எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் அப்பாவுக்கு அந்த ஊசி போட்டோம். நோய் திரும்பி வந்தபோது அதே வகையைச் சேர்ந்த மாத்திரை கொடுத்தோம், இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இதற்குள் சேமிப்பு கரைந்து, நகை அடகுக்குப் போய், வேலையில் சம்பளமில்லா விடுப்பும் எடுத்தாயிற்று. அம்மா இல்லை, கணவர் கத்தாரில், கூடப்பிறந்தவர்களும் கிடையாது. ஒவ்வொரு முடிவையும் மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு நான் ஒருத்தியாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நான் டாக்டர் இல்லை. இங்கே எழுதுவதை வைத்து மருந்தை மாற்றாதீர்கள். ஆனால் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதாவது உங்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கட்டும்.

அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணம் பக்கத்துக் கிராமம். வெற்றிலை, புகையிலை பழக்கம் வேலையில் சேர்ந்த காலத்திலிருந்தே உண்டு. முதலில் வந்தது வலது காதில் வலி. காதில் சொட்டு மருந்து, ஆன்டிபயாடிக், மறுபடியும் சொட்டு மருந்து என்று மாதக்கணக்கில் போனது. காதைப் பார்த்த எல்லோரும் "காது நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். அப்புறம் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது, சோறு விழுங்கும்போது உறுத்தியது. தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோதுதான் நாக்கின் அடிப்பகுதியில் புண் தெரிந்தது. காது பார்ப்பதற்கு நன்றாக இருந்தும் ஒரு பக்கம் மட்டும் மூன்று வாரத்துக்கு மேல் வலித்தால், அதிலும் புகையிலைப் பழக்கம் உள்ளவர் என்றால், "தொண்டையை ஸ்கோப் வைத்துப் பாருங்கள்" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். தொண்டைக்கும் காதுக்கும் நரம்புத் தொடர்பு இருப்பதால் அங்கே உள்ள நோவு இங்கே வலியாக வருமாம்.

பயாப்சி, ஸ்கேன் எல்லாம் முடிந்து, கழுத்தின் இரு பக்கமும் நெறிகட்டி இருப்பதால் அறுவை சிகிச்சை வேண்டாம், கதிர்வீச்சோடு மருந்து சேர்த்துக் கொடுக்கலாம் என்றார்கள். இந்த இடத்துப் புற்றுக்கு பி16 என்று ஒரு பரிசோதனை உண்டு. எச்.பி.வி. வைரஸால் வந்ததா இல்லையா என்பதை அது காட்டும். அப்பாவுக்கு நெகட்டிவ். அந்த ரிப்போர்ட்டை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

கதிர்வீச்சோடு வழக்கமாகச் சேர்க்கும் மருந்து சிஸ்பிளாட்டின். பழைய மருந்து, விலையும் குறைவு. ஆனால் அது செவித்திறனையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். அப்பாவுக்கோ இன்ஜின் சத்தத்திலேயே பல வருடம் கழிந்து காது ஏற்கெனவே மந்தம். ஆடியோகிராம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "சிஸ்பிளாட்டின் கொடுத்தா இருக்கிற காதும் போயிடும்மா. டார்கெட் தெரபி போட்டுடலாம். அது புற்று செல்லை மட்டும்தான் தாக்கும், கீமோ மாதிரி கஷ்டம் இருக்காது." மருந்தின் பெயர் செட்டுக்சிமாப். அந்த நேரத்தில் எனக்கு அந்த வார்த்தைகள் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தன என்பதைச் சொல்லி மாளாது. அப்பாவிடம் போய், "முடி கொட்டாதாம்ப்பா, வாந்தி வராதாம்" என்று சொன்னேன். அவர் முகம் தெளிந்தது.

அந்த ஆறுதல் பாதிதான் உண்மை. ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது செல்லின் மேற்பரப்பில் இருந்துகொண்டு 'வளர்' என்ற கட்டளையை வாங்கி உள்ளே அனுப்பும் ஒரு புரதம். தலை, கழுத்துப் புற்று செல்களில் பெரும்பாலும் இது அளவுக்கு மீறி இருக்கிறது. செட்டுக்சிமாப் அதன் மேல் போய் ஒட்டிக்கொண்டு கட்டளையைத் தடுக்கிறது. இதுவரை சரி. ஆனால் அதே புரதம் நம் தோலிலும் முடிக்காலிலும் நகக்கண்ணிலும் இருக்கிறது. சிறுநீரகம் மெக்னீசியத்தை வெளியே விடாமல் திரும்ப இழுத்துக்கொள்வதற்கும் அது வேண்டும். ஆகவே மருந்து அங்கேயும் வேலை செய்யும். கீமோவின் கஷ்டம் இல்லை என்பது சரிதான், வேறு கஷ்டம் உண்டு. அந்த இரண்டாவது பாதியை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

இதைவிட முக்கியமாக நான் கேட்டிருக்கக் கூடிய கேள்வி ஒன்று, கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாத கேள்வி: "இந்த மருந்து எதைவிட நல்லது?" செட்டுக்சிமாபுக்கு இந்த நோயில் இடம் வாங்கிக் கொடுத்தது 2006இல் வெளியான ஆய்வு. 424 நோயாளிகள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 29 மாதத்தைத் தாண்டினார்கள், செட்டுக்சிமாபும் சேர்ந்து பெற்றவர்களில் பாதிப்பேர் 49 மாதத்தைத் தாண்டினார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அது தனிக் கதிர்வீச்சோடு ஒப்பிட்டது, சிஸ்பிளாட்டினோடு ஒப்பிட்டதல்ல. பிறகு எச்.பி.வி.யால் வந்த தொண்டைப் புற்றில் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகள் 2018இல் வெளியாயின. இரண்டிலும் சிஸ்பிளாட்டின் பெற்றவர்களே அதிகம் பிழைத்தார்கள். பி16 ரிப்போர்ட் முக்கியம் என்று சொன்னது இதற்காகத்தான். அதனால் சிஸ்பிளாட்டின் தாங்கக்கூடிய உடம்பு என்றால், விலை அதிகமான மருந்துதான் நல்ல மருந்து என்று நினைத்து நீங்களாக டார்கெட் ஊசியைக் கேட்காதீர்கள். எங்கள் வார்டில் ஒரு குடும்பம், "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, அதையே போடுங்க" என்று மன்றாடிக்கொண்டிருந்தது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

சிஸ்பிளாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் செட்டுக்சிமாப் ஒன்றுதான் வழி என்று இல்லை. மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையில், சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாதவர்களுக்குக் கதிர்வீச்சோடு வாரா வாரம் டோசிடாக்சல் என்ற பழைய கீமோ மருந்தைக் குறைந்த அளவில் சேர்த்துப் பார்த்தார்கள். நோய் திரும்பாமல் இரண்டு வருடம் கடந்தவர்கள் தனிக் கதிர்வீச்சில் 30%, டோசிடாக்சல் சேர்த்தவர்களில் 42%. மருந்துச் செலவு செட்டுக்சிமாபுக்குப் பக்கத்தில்கூட வராது. நிமோட்டுசுமாப் என்று இன்னொரு டார்கெட் ஊசியும் இருக்கிறது. கியூபாவில் உருவாகி, இந்தியாவில் பயோகான் நிறுவனம் 2006இல் கொண்டுவந்தது. டாட்டா மெமோரியல் ஆய்வில் அதை சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் முற்றாமல் இரண்டு வருடம் கடந்தவர்கள் 50%லிருந்து 62% ஆனார்கள். தோல் பாதிப்பும் அதில் குறைவு. இதெல்லாம் எனக்குப் பின்னால் வேறொரு மருத்துவமனையில் தெரியவந்தது. அப்பாவுக்கு டோசிடாக்சல்தான் சரியாக இருந்திருக்கும் என்று நான் வாதாட வரவில்லை, அதன் வாய்ப்புண்ணும் கடுமைதான். ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம். அதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. "சிஸ்பிளாட்டின் இல்லையென்றால் வேறு என்னென்ன இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு, எங்கள் பேஷன்ட்டுக்கு நீங்கள் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என்ன" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இனி காசு விஷயம். இந்த மருந்தின் அளவு ஆளின் உயரம், எடையை வைத்துக் கணக்கிடும் உடற்பரப்பைப் பொறுத்தது. கதிர்வீச்சு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராம், அதன்பின் கதிர்வீச்சு முடியும் வரை வாரா வாரம் 250 மில்லிகிராம். அப்பாவுக்கு முதல் டோஸ் 620 மில்லிகிராம் என்று வந்தது. எங்களுக்குக் கிடைத்தது 100 மில்லிகிராம் குப்பி. அப்படியானால் ஏழு குப்பி வாங்க வேண்டும், ஏழாவதில் 20 மில்லிகிராம் மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் கொட்ட வேண்டும். ஒரு குப்பியின் விலை அப்போது ரூ. 20,000ஐ ஒட்டி இருந்தது. ஊசி போடும் பிரிவில் வயதான ஒரு சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "டாக்டர்கிட்ட ரவுண்டிங் கேளும்மா" என்றார். கணக்கிட்ட அளவில் 10%க்குள் கூட்டியோ குறைத்தோ முழுக் குப்பிக்குச் சரிசெய்வது இந்த வகை மருந்துகளில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கமாம். கேட்டேன், டாக்டர் உடனே 600 என்று மாற்றி எழுதினார். ஒரே வார்த்தையில் ஒரு குப்பி மிச்சம். அந்த சிஸ்டரை நான் மறக்க மாட்டேன். இப்போது இந்தியாவிலேயே தயாராகும் செட்டுக்சிமாப் பயோசிமிலரும், அதாவது மூல மருந்தைப் போலவே வேறு நிறுவனம் தயாரிக்கும் மருந்தும், வந்திருக்கிறது. அதை எழுத முடியுமா என்றும் கேளுங்கள். சில மருந்து நிறுவனங்கள் நோயாளி உதவித் திட்டம் என்று வைத்து, சில குப்பி வாங்கினால் சில குப்பி இலவசமாகத் தருகின்றன. டாக்டர் கையெழுத்தோடு முதல் டோஸுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். எங்களுக்குத் தெரியவந்தபோது சிகிச்சை முடியும் தறுவாய்.

இன்ஷூரன்ஸ் எங்களை நன்றாக அடித்தது. நான் வேலை செய்யும் இடத்தின் குரூப் பாலிசியில் அப்பாவுக்கும் 5 லட்சம் கவரேஜ் இருந்தது. முதல் டோஸுக்குத் தடையில்லாமல் அனுமதி வந்தது. சில வாரம் கழித்து, "மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசிக்கு உங்கள் உச்சவரம்பு முடிந்துவிட்டது" என்று மறுத்துவிட்டார்கள். செட்டுக்சிமாப் அந்த வகை ஊசிதான். அப்பா கையில் ஊசி மாட்டி உட்கார்ந்திருக்கிறார், நான் பில்லிங் கவுன்ட்டரில் நிற்கிறேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் பன்னிரண்டு நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டு, அவற்றைப் பாலிசியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று சொன்னது. ஊசியாகப் போடும் மோனோகுளோனல் ஆன்டிபாடியும், வாயால் சாப்பிடும் கீமோவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் ஒதுக்கக் கூடாதே தவிர, துணை உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம். எங்கள் பாலிசியில் மொத்தத் தொகையில் 50% என்று உள்ளே எங்கோ எழுதியிருந்தது. உங்கள் பாலிசியில் 'நவீன சிகிச்சை முறைகள்' என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள், அல்லது ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் டோஸுக்கு முன்பே தெரிந்தால் கதிர்வீச்சுக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று திட்டமிடலாம்.

நான் விடவில்லை. ரத்தப் பரிசோதனை, டே-கேர் படுக்கைக் கட்டணம், ஊசிக்கு முன் போடும் அலர்ஜி மருந்து எல்லாவற்றையும் அந்த உச்சவரம்புக்குள்ளேயே கழித்திருந்தார்கள். பிரித்துக் காட்டி காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, 30 நாளில் பதிலே வராவிட்டாலோ, காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். குறைதீர்ப்பாளரிடம் போகப்போகிறேன் என்று எழுதிய பிறகு ஒரு பகுதி திரும்ப வந்தது. எல்லாம் போக எங்கள் கையிலிருந்து போனது நான்கு லட்சத்துக்கு மேல். ஆண்டு வருமானம் ரூ. 1,20,000க்குள் இருக்கும் குடும்பம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. சேரும் முன்பே அந்த மருத்துவமனையின் திட்ட அலுவலரிடம் இந்த மருந்து அதில் வருமா என்று கேட்டுவிடுங்கள். அப்பாவின் பென்ஷனால் எங்களுக்கு அது பொருந்தவில்லை.

வெளிக்கடையில் விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. இன்னொன்று, 2024 மார்ச்சில் டெல்லிப் போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. விலையுயர்ந்த புற்றுநோய் ஊசிகளின் காலிக் குப்பிகளை மருத்துவமனை ஊழியர்கள் வழியாக வாங்கி, அதில் வேறு மருந்தை நிரப்பி விற்றிருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பில் இல்லாமல் வாங்காதீர்கள். குப்பியின் பேட்ச் எண் பில்லில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், ஊசி முடிந்ததும் காலிக் குப்பியின் லேபிளைப் பேனாவால் அடித்துவிடச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸுக்கு அட்டைப்பெட்டி கேட்பார்கள், அதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

முதல் ஊசி இரண்டு மணி நேரம் ஏறும். ஒவ்வாமை வருவதானால் பெரும்பாலும் இந்த முதல் தடவைதான் வரும் என்பதால் அலர்ஜி மருந்து முன்னால் போட்டுவிடுவார்கள். அப்படியும் அப்பாவுக்குக் கொஞ்ச நேரத்தில் உடம்பு தூக்கிப் போட்டது, குளிர் நடுக்கம், பிரஷர் இறங்கியது. சிஸ்டர் ஓடி வந்து நிறுத்தி, சரியான பிறகு பாதி வேகத்தில் ஏற்றினார். முடிந்தபின்னும் ஒரு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். அன்று பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருங்கள், சாப்பாடு வாங்கவென்று இறங்கிப் போகாதீர்கள். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி சாப்பிட்டு எப்போதாவது உடம்பு தடித்திருந்தால் அதை முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த ஒவ்வாமைக்கும் இந்த மருந்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இரண்டாவது வாரம் தொடங்கியதும் வந்தது நான் எதிர்பார்க்கவே இல்லாத சோதனை. அப்பாவின் மூக்கு, கன்னம், நெற்றி, தலை, நெஞ்சு எல்லாம் சிவந்து, சீழ் வைத்த பருக்கள் போல மொத்தமாகப் பொங்கிவிட்டது. கிராமத்தில் பார்த்தவர்கள் ஒரே முடிவாகச் சொன்னார்கள், அம்மை போட்டிருக்கிறது என்று. பக்கத்து வீட்டு அத்தை வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். "அம்மா வந்திருக்கும்போது கரண்ட் எல்லாம் வைக்கக் கூடாது, தண்ணி ஊத்துற வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்க" என்று பெரியவர்கள் கூடி நின்றார்கள். கதிர்வீச்சுக்குக் கரண்ட் வைப்பது என்றுதான் எங்கள் பக்கம் பெயர். அப்பாவே பயந்துபோய், "ரெண்டு நாள் விட்டுப் போலாமே பாப்பா" என்றார். யாருடைய மனசையும் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் நடுவில் நாள் விட்டால் கதிர்வீச்சின் பலன் குறையும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. வேப்பிலை வாசலில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்ததும் சிரித்தபடி, "இது எதிர்பார்த்ததுதான். மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார். நன்றாகப் பரு வந்தவர்கள் அதிக நாள் வாழ்ந்ததாக ஆய்விலும் இருக்கிறது. எதிர்பார்த்ததுதான் என்றால் எங்களிடம் முன்பே சொல்லியிருக்கலாமே! அந்த ஒரு வாக்கியம் கையில் இருந்திருந்தால் அப்பா கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு அழுதிருக்க மாட்டார்.

தோலுக்கு நாங்கள் செய்தவற்றை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் மட்டும்தான் வீட்டில் இருப்பவர்கள் கையில் ஏதாவது இருக்கிறது. இது பார்க்கப் பருபோல இருந்தாலும் பரு இல்லை. மருந்துக்கடையில் கேட்டால் பருவுக்கான க்ரீம் கொடுப்பார்கள், அது ஏற்கெனவே வறண்ட தோலை இன்னும் வறட்டி எரிய வைக்கும். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரை முதல் ஊசி அன்றே ஆரம்பித்து காலை மாலை தடவ வேண்டும். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும், 1% ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீமும் பரு வருவதற்கு முன்பே தடுப்பாகத் தொடங்கும் முறை இருக்கிறது. முதல் டோஸ் எழுதும்போதே, "தோலுக்குத் தடுப்பு மருந்து எழுதுகிறீர்களா டாக்டர்" என்று கேளுங்கள். வெந்நீரில் குளிக்கக் கூடாது, நாரோ பீர்க்கங்கூடோ வைத்துத் தேய்க்கக் கூடாது. வெயில் இதற்குப் பரம எதிரி. அப்பா காலையில் திண்ணையில் வெயில் காயும் பழக்கம் உள்ளவர், அதை நிறுத்தி, வெளியே இறங்கினால் குடையும் தலையில் துண்டும் என்றாக்கிய பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. கதிர்வீச்சு படும் கழுத்துப் பகுதியில் மஞ்சள், வேப்பிலை, தேங்காய் எண்ணெய் எதையும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். இந்த மருந்து சேரும்போது அந்த இடத்துத் தோல் வழக்கத்தைவிட மோசமாக உரியக்கூடும். சிகிச்சை முடியும் வாரங்களில் அப்பாவின் கழுத்து அப்படித்தான் உரிந்தது. சட்டைக் காலர் படாமல் பழைய மல் வேட்டியைக் கிழித்துப் போர்த்திவிட்டிருந்தேன். பிறகு கட்டைவிரலில் நகச்சுத்து வந்தது. நம் ஊர் வழக்கப்படி எலுமிச்சம்பழத்தைச் செருகினால் உயிர் போகும் எரிச்சல் வரும். வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து விரலை ஊற வைக்கச் சொன்னார்கள், அது கேட்டது. கண் இமை முடிகூட நீளமாக வளர்ந்து கண்ணை உறுத்தும். அப்படி இருந்தால் கண் டாக்டரிடம் காட்டுங்கள், வீட்டில் கத்தரிக்க வேண்டாம்.

வெளியே தெரியாத ஆபத்து மெக்னீசியம். நாட்கள் போகப் போக அப்பாவுக்கு அசதி அதிகமானது, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, ஒரு நாள் கை நடுங்கி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. சாப்பாடு இறங்காததால் வந்த பலவீனம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வாடிக்கையான ரத்தப் பரிசோதனையில் சோடியம், பொட்டாசியம் இருக்கும், மெக்னீசியத்தைத் தனியே எழுதினால்தான் பார்ப்பார்கள். பணியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர் எழுதினார், மிகவும் குறைந்திருந்தது. மெக்னீசியம் குறைந்தால் கால்சியமும் பொட்டாசியமும் கூடவே இறங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், உயிருக்கே ஆபத்து. நரம்பு வழியாக ஏற்றிச் சரிசெய்தார்கள். வாரா வாரம் ஊசிக்கு முன் எடுக்கும் ரத்தத்தில் மெக்னீசியம் இருக்கிறதா என்று நீங்களே சீட்டைப் பாருங்கள். கடைசி ஊசிக்குப் பிறகும் இரண்டு மாதம் வரை பார்க்க வேண்டும், எல்லோரும் விடுவது அங்கேதான்.

வாய்ப்புண், விழுங்க முடியாமை, மூக்கு வழியாகக் குழாய், மிக்சியில் அடித்த கஞ்சி, எடை குறைவது, இவையெல்லாம் கதிர்வீச்சு வாங்கும் எல்லோருக்கும் பொதுவானவை. பல் டாக்டரிடம் கதிர்வீச்சுக்கு முன்பே காட்டிவிடுங்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கதிர் பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம்.

சிகிச்சை முடிந்து எடுத்த ஸ்கேன் சுத்தமாக வந்தது. ஒரு வருடத்துக்கும் மேல் நன்றாக இருந்தார், கோயில் திருவிழாவுக்குக்கூடப் போய்வந்தார். பிறகு கழுத்தில் மறுபடியும் கட்டி, நுரையீரலிலும் புள்ளிகள். பழைய மருத்துவமனையில் மூன்று வாரத்துக்கு ஒரு இம்யூனோதெரபி ஊசி, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டிவிடும் ஊசி, என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். அந்தத் தொகையை ஒரு தடவைகூடக் கட்டும் நிலையில் நான் இல்லை. இந்த முறை இரண்டாவது கருத்து கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று உறுதியாக இருந்தேன். ஃபைலோடு சென்னையில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனைக்குப் போனேன். அங்கே அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார்கள். டோசிடாக்சல் பற்றியெல்லாம் நான் கேள்விப்பட்டது அங்கேதான்.

அவர்கள் எழுதியது டாட்டா மெமோரியலில் ஆய்வு செய்த முறை. வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் என்ற பழைய கீமோ மாத்திரை, தினமும் செலிகாக்சிப் என்ற வலி மாத்திரை, தினமும் எர்லோட்டினிப் 150 மில்லிகிராம். இந்த எர்லோட்டினிப்பும் டார்கெட் மருந்துதான், அதே ஈ.ஜி.எஃப்.ஆரை செல்லுக்கு உள்ளே இருந்து தடுக்கும் மாத்திரை. இதோடு மூன்று வாரத்துக்கு ஒரு முறை நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி, வெறும் 20 மில்லிகிராம். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240. மாத்திரைகள் மட்டும் பெற்றவர்களில் ஒரு வருடம் கடந்தவர்கள் 16%, இந்தக் குறைந்த அளவு ஊசியும் சேர்ந்தவர்களில் 43%. இது நோயை அடியோடு போக்கும் வழி இல்லை என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்கு நான் நன்றி சொன்னேன். 40 மில்லிகிராம் குப்பியை ஒரே நாளில் இரண்டு நோயாளிகளுக்குப் பகிர்ந்து போடுகிறார்கள், அதனால் செலவு இன்னும் இறங்குகிறது. எர்லோட்டினிப்பின் காப்புரிமை 2016இல் முடிந்துவிட்டது, இந்திய ஜெனரிக் மாத்திரைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. முன்பு ஒரு வாரத்துக்குச் செலவழித்ததில் இப்போது பல மாதம் ஓடுகிறது.

மாத்திரைதானே என்று கவனக்குறைவாக இருக்க முடியாது. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் போட்டால் ரத்த அணுக்கள் விழுந்து உயிரே போய்விடும். நான் அதைத் தனி டப்பாவில் வைத்து, மேலே 'ஞாயிறு மட்டும்' என்று பெரிதாக எழுதி, அப்பா கைக்கு எட்டாத அலமாரியில் வைத்திருக்கிறேன். எர்லோட்டினிப்பை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ கொடுக்க வேண்டும். குழாய் இருப்பவர்களுக்குத் தண்ணீரில் கரைத்து விடலாம். பரு இதிலும் வரும், இந்த முறை மாய்ஸ்சரைசரும் க்ரீமும் முதல் நாளே தயாராக இருந்தன. வயிற்றுப்போக்கு வந்தால் உடனே மருத்துவமனைக்கு போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் நம் ஊரில் எந்தச் சீட்டிலும் தவறாமல் இருக்கும் கேஸ் மாத்திரை, அதாவது பேன்ட்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகை. அமிலம் குறைந்தால் எர்லோட்டினிப் உடம்பில் சேர்வது வெகுவாகக் குறைந்துவிடும். போன மாதம் காய்ச்சலுக்கு உள்ளூர் டாக்டரிடம் போனபோதும் சீட்டில் முதல் வரியாக அதுதான் இருந்தது. புற்றுநோய் டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துப் பட்டியலைக் காட்டினேன், அவரே அதை அடித்துவிட்டு வேறு எழுதினார். அந்தப் பட்டியலை லேமினேட் செய்து, ஒன்றை அப்பாவின் சட்டைப் பையிலும் இன்னொன்றை என் கைப்பையிலும் வைத்திருக்கிறோம்.